கருவியும் உத்தியோகமும்

(சிலாபத்தில் நடைபெற்ற வாணி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)

இன்று காலை கலைமகளின் திருவுருவத்துக்கு முன்னால் வைக்கப்பட்டிருந்த பொருள்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கடற்றொழில் செய்யும் அன்பர் ஒருவர் வலை பின்னும் ஊசியை வைத்தார். தச்சர் உளியை வைத்தார். தையல் வேலை செய்யும் அக்கா கத்தரிக்கோலை வைத்தார். தேங்காய் உரிக்கும் ஐயா ஒருவர் தமது அலவாங்கைக் கழுவித் துடைத்துச் சந்தனமிட்டுச் சுவரோரம் சாத்தினார். நாமும் எமது மடிக்கணினியைக் கொண்டுபோய் அவற்றின் நடுவே வைத்தோம். அலவாங்கு வைத்த ஐயா அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "தம்பி, உங்கட ஆயுதம் இந்தப் பெட்டியா, பெட்டிக்குள்ள இருக்கிறதா?" என்று கேட்டார். நாம் பதில் சொல்லத் தெரியாமல் சிரித்துச் சமாளித்தோம். இப்பொழுது நாம் பேசப்போவது அந்த ஐயாவுக்குக் காலையில் சொல்லியிருக்க வேண்டிய பதிலேயாகும்.

கணினி தானாக ஒன்றையும் செய்யாது. இன்னதை இன்னபடி செய் என்று அதற்கு எழுதிக் கொடுப்பவரை நிரலாளர் என்கிறோம். அவர் எழுதும் மொழி நிரல்மொழி. ஜாவா, பைதன், பி.எச்.பி., ஜாவாஸ்கிரிப்ட் என அம்மொழிகள் பற்பல. எழுதுவதற்கு உதவும் எடிட்டர், பலர் சேர்ந்து எழுதியதைக் கலையாமல் காக்கும் கிட் முதலியனவும் அவருடைய கருவிகளே. ஆகவே ஐயா கேட்டது சரியான கேள்வி. ஆயுதம் பெட்டிக்குள்தான் இருக்கிறது; அதிலும் ஒன்றல்ல, பல. அவற்றுள் எதைக் கையில் எடுத்தான் என்பதைக் கொண்டே இன்று ஒரு வாலிபனுக்கு உத்தியோகம் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் பெரும்பாலும் தீர்மானமாகின்றன.

இது எவ்வாறு என்பதை உடப்புக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்கள் எளிதில் அறிவார்கள். கரைவலைக்கு இரு பக்கமும் கயிறு பிடிக்கப் பலர் வேண்டும். எல்லோரும் ஒரே தாளத்தில் இழுக்க வேண்டும். அதற்காகவே அம்பாப் பாட்டு. எஞ்சின் பூட்டிய பைபர் படகுக்கோ இரண்டு மூன்று பேர் போதும். ஆனால் அவர்களுள் ஒருவருக்காவது எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்திருக்க வேண்டும். கரைவலை வைத்திருக்கும் சம்மாட்டியிடம் ஒரு வகையார் வேலைக்கு வருவர். படகு வைத்திருப்பவரிடம் இன்னொரு வகையார் வருவர். முதலாளி கருவியைத் தெரிந்தெடுத்த அன்றே ஆட்களையும் பாதி தெரிந்தெடுத்துவிடுகிறார்.

கணினித் துறையில் புதிதாகத் தொடங்கும் சிறு நிறுவனங்களை, அதாவது ஸ்டார்ட்அப் என்று சொல்லப்படுபவற்றை, இது இன்னும் கூடுதலாகப் பாதிக்கும். பெரிய கம்பெனியில் ஆயிரம் பேரில் ஒருவர் தவறினால் மற்றவர்கள் தாங்கிக்கொள்வார்கள். ஐந்து பேர் கூடி ஆரம்பிக்கும் இடத்தில் ஆறாவதாகச் சேர்பவர் தவறினால் அந்த இடமே மூடப்படலாம். ஆதலால் அவர்கள் வாசலில் வந்து நிற்பவரை அளப்பதற்கு ஓர் அளவுகோலைத் தேடுகிறார்கள். "எந்தக் கருவியில் வேலை செய்கிறாய்?" என்பதே அவர்கள் கண்ட அளவுகோல்.

இந்த அளவுகோலுக்குப் பெயர்பெற்ற ஒரு வரலாறு உண்டு. 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் பால் கிரஹாம், ராபர்ட் மொரிஸ் என்னும் இருவர் வையாவெப் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இணையத்தில் கடை நடத்த விரும்புவோருக்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்து கொடுப்பதே அதன் தொழில். அதை அவர்கள் லிஸ்ப் என்ற மொழியில் எழுதினார்கள். லிஸ்ப் 1958இல் ஜோன் மக்கார்த்தி உருவாக்கிய பழைய மொழி. வியாபாரத்தில் அதைப் பயன்படுத்துவோர் மிகச் சிலர். 1998இல் யாகூ அந்த நிறுவனத்தை ஏறக்குறைய நாலரைக் கோடி டொலருக்கு மேற்பட்ட பெறுமதிக்கு வாங்கியது. பின்னர் 2004இல் கிரஹாம் ஒரு கருத்தை எழுதினார். அதன் சாரம் இது: ஜாவாவைப் பலர் உத்தியோகத்துக்காகப் படிக்கிறார்கள்; பைதனை விருப்பத்தினால் படிக்கிறார்கள்; ஆகவே பைதன் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்கும் நிறுவனத்துக்குச் சிறந்த நிரலாளர் வந்து சேருவர்.

இதற்குத் துணையாக இன்னொரு சான்றையும் காட்டலாம். நம் வீடுகளில் அம்மா முதல் அம்மம்மா வரை பயன்படுத்தும் வட்ஸ்அப், எர்லாங் என்ற மொழியின்மேல் கட்டப்பட்டது. அம்மொழி தொலைபேசி நிலையங்களுக்காக எரிக்சன் கம்பெனியில் 1980களில் பிறந்தது. 2014இல் பேஸ்புக் நிறுவனம் வட்ஸ்அப்பை 1,900 கோடி டொலருக்கு வாங்க உடன்பட்டபோது, மாதந்தோறும் 45 கோடி மக்கள் அதைப் பயன்படுத்தினார்கள். அதன் பொறியியலாளரோ ஏறக்குறைய 32 பேர். வேலைக்குத் தக்க கருவியும், அதைக் கையாளத் தக்க சிலரும் இருந்தால் சிறு கூட்டம் எவ்வளவு செய்யலாம் என்பதை இது காட்டுகிறது. அதே வேளையில், வட்ஸ்அப்பில் சேர்ந்தவர்களுட் சிலர் எர்லாங்கைச் சேர்ந்த பின்னரே கற்றார்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது.

நிற்க. கிரஹாம் கூறிய கருத்து 2004க்குப் பொருந்தியிருக்கலாம். இன்று பொருந்துமா? நாம் க.பொ.த. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படித்தபோது எமக்குப் பாஸ்கல் மொழியைப் போதித்தார்கள். உயர்தரத்துக்கு வந்தபோது பைதனைப் போதித்தார்கள். அன்று விருப்பத்துக்கு அடையாளமாயிருந்த பைதன், இன்று இலங்கையில் பரீட்சைப் பாடமாகிவிட்டது. அதைப் படித்தவன் ஆசையோடு படித்தானா, புள்ளிக்காகப் படித்தானா என்று இனி யார் சொல்லமுடியும்? அரிதாக இருக்கும்வரை ஒரு கருவி ஆளைக் காட்டும். எல்லோர் கையிலும் வந்துவிட்டால் காட்டாது. இன்று அரிதாயிருப்பதும் நாளை பாடத்திட்டத்தில் ஏறிவிடும்.

இனி எமது சொந்த அனுபவத்தைச் சொல்கிறோம். சென்ற ஆண்டு தொழிற்பயிற்சிக்கு இடம் தேடி, விடியற்காலை சிலாபத்தில் பஸ் ஏறிக் கொழும்புக்குச் சென்றோம். முதலாவது நிறுவனத்தில் ஒரு தாளில் ஐந்து கருவிகளின் பெயர் அச்சிட்டிருந்தது. ஐந்தில் எமக்கு இரண்டு தெரியும். தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னோம். ஐந்து நிமிடத்தில் நேர்முகப் பரீட்சை முடிந்தது.

இரண்டாவது இடம் ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு சின்ன அலுவலகம். அங்கே பெயர்த்தாள் இல்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி: "பைதனை ஏன் தெரிந்தெடுத்தீர்கள்?" நாம், "பாடத்திட்டத்தில் இருந்தது" என்றோம். "அதன்பின் நீங்களாக எதையாவது தேடிப் பார்த்தீர்களா? எழுதிப் பார்த்தீர்களா?" என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டார். எம்மிடம் பதில் இல்லை. அந்த இடமும் கிடைக்கவில்லை. முதலாவது தோல்வி எமக்குக் கோபத்தைத் தந்தது. இரண்டாவது பல நாள் நித்திரையைக் கெடுத்தது.

ஏனென்றால் அந்தக் கேள்வி எமக்குப் புதிதன்று. நாம் படித்த மிஷன் பாடசாலையில் கணிதம் கற்பித்த சிஸ்டர் ஒருவர், விடைக்கு ஒரு புள்ளியும் வழிக்கு நான்கு புள்ளியும் போடுவார். விடை சரியாக இருந்தாலும், "இது எப்படி வந்தது, ஏன் இந்த வழி?" என்று கேட்காமல் விடமாட்டார். பதின்மூன்று வயதில் கணக்குக்குச் சொன்ன காரணத்தை இருபத்தொரு வயதில் எமது தொழிலுக்குச் சொல்ல முடியவில்லையே என்று வெட்கப்பட்டோம்.

ஆனால் வெட்கத்தோடு ஒரு நியாயமும் உண்டு. அதையும் இச்சபையில் சொல்லியாக வேண்டும். "தெரிந்தெடுத்தாய்" என்று அவர்கள் கூறுகிறார்கள். தெரிந்தெடுப்பதற்கு இரண்டு பொருள்களாவது முன்னால் இருக்க வேண்டும் அல்லவா? ஐபோனில் இயங்கும் செயலி எழுதுவதற்கான எக்ஸ்கோட் என்ற கருவி, அப்பிள் கம்பெனியின் மக் கணினியில் மட்டுமே இயங்கும். ஆகவே ஐபோன் செயலி எழுதுபவன், மக் வாங்கக்கூடிய வீட்டிலோ, வாங்கிக் கொடுக்கக்கூடிய இடத்திலோ இருப்பவன். மற்றத் தொலைபேசிகளுக்குச் செயலி எழுத உதவும் அன்ட்ரொயிட் ஸ்ரூடியோவுக்குக் குறைந்தது 8 ஜிபி நினைவகமுள்ள கணினி வேண்டும் என்று அதை வெளியிடும் கூகிள் நிறுவனமே கூறுகிறது. 4 ஜிபி உள்ள பழைய கணினியை அண்ணனிடமிருந்து வாங்கிப் படிப்பவன் எதைத் தெரிந்தெடுப்பான்? அவனுடைய கணினி தாங்கக்கூடியதையே எடுப்பான். மேலும், புதிய கருவிகளுக்குரிய விளக்க நூல்கள் அநேகமாக ஆங்கிலத்திலேயே உள்ளன. தமிழ் மொழி மூலம் படித்த பிள்ளை ஒரு பக்கத்தைப் புரிந்துகொள்ளுமுன் மற்றவன் பத்துப் பக்கம் ஓடிவிடுகிறான். எமக்கு மிஷன் பாடசாலை ஆங்கிலமாவது கைகொடுத்தது. அதுவும் கிடைக்காத எத்தனையோ தம்பி தங்கையர் இவ்வூரிலும் உடப்பிலும் முந்தலிலும் இருக்கிறார்கள்.

கருவியைப் பார்த்து ஆளை எடைபோடும் முதலாளி, சில வேளைகளில் அவன் அறிவை எடைபோடுகிறார். சில வேளைகளில் அவன் தகப்பனாரின் பணப்பையை எடைபோடுகிறார். எது எது என்பது தராசுக்குத் தெரியாது. ஆதலால் பெயரைக் கேட்கும் நிறுவனத்திலும், காரணத்தைக் கேட்கும் நிறுவனம் மேலானது. எம்மைத் திருப்பி அனுப்பிய அந்த இரண்டாவது மனிதரை நாம் இன்றும் மரியாதையோடு நினைப்பது இதனாலேயே.

அரிய கருவியை எடுத்த நிறுவனத்துக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஒருவருக்கு மட்டும் தெரிந்த மொழியில் எல்லாவற்றையும் எழுதிவைத்து, அவர் வெளிநாடு போய்விட்டால் மிஞ்சியிருப்போர் என்ன செய்வார்கள்? 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போதும் அதன் பின்னரும் கணினித் துறையினர் பலர் இத்தீவை விட்டுப் போனார்கள். வையாவெப் கைமாறிய பின்னர், லிஸ்ப்பில் எழுதியிருந்தவற்றுட் பெரும் பகுதியை யாகூ வேறு மொழிகளில் திருப்பி எழுதியது. எல்லோருக்கும் தெரிந்த கருவியை எடுத்தால் ஆள் சுலபமாகக் கிடைப்பார். ஆனால் வந்த நூறு பேரில் யார் நல்லவர் என்று கண்டுபிடிப்பது கடினம். யாருக்கும் தெரியாததை எடுத்தால் வரும் சிலர் நல்லவராயிருப்பர். ஆனால் அவர்கள் போனால் இடம் வெறுமையாகும். இரண்டுக்கும் விலை உண்டு.

அப்படியானால் மூன்றாவது வழி ஒன்று உண்டா? உண்டு. அதை வெகு தூரம் சென்று தேட வேண்டியதில்லை. கொழும்பில் 2005இல் சஞ்சீவ வீரவரண முதலியோர் டபிள்யு.எஸ்.ஓ.2 என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். எழுதிய நிரலை யாரும் பார்க்கலாம், பயன்படுத்தலாம் என்னும் திறந்த மூல முறையில் அது வளர்ந்தது. பின்னர் அந்நிறுவனத்தார் பலரினா என்ற தங்கள் சொந்த நிரல்மொழியையே உருவாக்கி, 2017இல் வெளியிட்டு, 2019இல் அதன் முதலாவது முழுப் பதிப்பைத் தந்தார்கள். நம் நாட்டில் பிறந்த மொழி இது. சிந்தித்துப் பாருங்கள்: நேற்றுப் பிறந்த மொழியில் ஐந்து வருட அனுபவம் உள்ளவர் வேண்டும் என்று விளம்பரம் செய்ய யாரால் முடியும்? புதிய மொழியைப் படைப்பவர், அது தெரிந்தவரைத் தேட முடியாது; எதையும் கற்கத் தெரிந்தவரையே தேட முடியும்.

தமிழ்நாட்டில் இன்னொரு வழியைக் கண்டார்கள். 1996இல் அட்வென்ற்நெற் என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் சோஹோ என்று பெயர் மாறிய நிறுவனம், 2005ஆம் ஆண்டளவில் சொந்தப் பள்ளி ஒன்றையே ஆரம்பித்தது. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத பிள்ளைகளை எடுத்துத் தாங்களே கற்பித்து வேலைக்கும் சேர்த்துக்கொண்டார்கள். தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலும் அலுவலகம் வைத்தார்கள். கருவி தெரிந்த ஆளைத் தேடாமல், ஆளை எடுத்துக் கருவியைக் கையில் கொடுப்பது அவர்கள் வழி. சென்னையில் தொடங்கித் தென்காசிக்கு வந்த அந்த வழி ஒருநாள் புத்தளம் மாவட்டத்துக்கும் வரக்கூடாதா என்பது எமது ஆசை.

இன்னும் ஒன்று. 2021இல் கிட்ஹப் நிறுவனம் கோபைலட் என்ற துணைக்கருவியை வெளியிட்டது முதல், நிரலைத் தானே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பெருகிவிட்டன. இனி மொழியின் இலக்கணம் மனப்பாடமாகத் தெரியும் என்பது முன்போலப் பெருமையாகாது. கருவி எழுதித் தந்தது சரியா பிழையா, ஏன் சரி, ஏன் பிழை என்று சொல்லத் தெரிந்தவனுக்கே இடம் இருக்கும். சிஸ்டர் போட்ட நான்கு புள்ளிக்கு இப்பொழுதுதான் முழுப் பெறுமதி வந்திருக்கிறது.

இனி எமது சங்கத்தின் விஷயத்துக்கு வருவோம். தைப்பொங்கலுக்குப் பின் ஞாயிற்றுக்கிழமைகளில் இம்மண்டபத்தில் இலவசக் கணினி வகுப்பு நடத்துவதென்று செயற்குழு முடிவு செய்திருப்பதை அறிவீர்கள். எந்த மொழியைக் கற்பிப்பது என்பதில் மூன்று அபிப்பிராயங்கள் இருக்கின்றன. கொழும்பு விளம்பரங்களில் கேட்பது ஜாவா, ஆகவே ஜாவா என்கிறார் ஒருவர். பரீட்சைக்கு உதவும், ஆகவே பைதன் என்கிறார் மற்றவர். தொலைபேசிச் செயலிதான் இன்றைய வியாபாரம், அதைக் கற்பியுங்கள் என்கிறார் எமது இளைய அங்கத்தவர். மூவரும் ஊர் நன்மை கருதியே பேசுகிறார்கள்.

எமது தாழ்மையான ஆலோசனை இது. பைதனில் தொடங்குவோம். பழைய கணினியிலும் அது ஓடும். தமிழில் பாடநூல் உண்டு. உயர்தர மாணவருக்கு உடனே பயன்படும். ஆனால் அதோடு நிறுத்தினால், எம்மைப் போல, "பாடத்திட்டத்தில் இருந்தது" என்று சொல்லும் இன்னும் இருபது பேரையே உண்டாக்குவோம். ஆகவே இரண்டு நிபந்தனைகளை வேண்டுகிறோம்.

முதலாவது, மூன்றாம் மாதத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் வேறொரு மொழியையும் காட்டுவோம். அதில் தேர்ச்சி வேண்டியதில்லை. ஒரே கணக்கை இரண்டு மொழியிலும் எழுதி, எது எதற்கு இலகு, எது எதற்குக் கடினம் என்று தம் வாயால் சொன்னால் போதும். இரண்டைக் கண்டவனுக்கே தெரிவு என்ற ஒன்று உண்டாகும்.

இரண்டாவது, ஆறாம் மாதத்தில் ஒவ்வொருவரும் இவ்வூருக்குப் பயன்படும் ஒரு சிறு காரியத்தைச் செய்து காட்ட வேண்டும். அன்னதானக் கணக்காயிருக்கலாம், காலையில் மீன் ஏலத்தில் போன விலையைக் குறித்து வைப்பதாயிருக்கலாம், தேங்காய் எண்ணிக்கையாயிருக்கலாம். எந்தக் கருவியிலும் செய்யலாம். ஆனால் சபையில் எழுந்து நின்று, இந்தக் கருவியை ஏன் எடுத்தேன் என்று ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும். எழுதியதை எவரும் பார்க்கத்தக்கதாக இணையத்திலும் வைக்க வேண்டும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் இவ்வாறு திறந்த மூல வேலைகளில் பங்குகொண்டு, கூகிள் நடத்திய கோடைகால நிரலாக்கத் திட்டத்தின் முதற் பத்து ஆண்டுகளில் உலகப் பல்கலைக்கழகங்கள் யாவற்றிலும் கூடுதலான மாணவரை அனுப்பியவர்கள் என்ற பெயரைப் பெற்றார்கள். அவர்களும் இத்தீவின் பிள்ளைகளே.

பெரியோர்களிடமும் ஒரு வேண்டுகோள். கடையோ தோட்டமோ கம்பெனியோ நடத்தும் நீங்கள் நாளை ஒரு நிரலாளரை எடுக்க நேர்ந்தால், ஐந்து பெயர் எழுதிய தாளை நீட்டாதீர்கள். என்ன செய்தாய், ஏன் அப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். எமது சங்கத்துக்கு 8 ஜிபி கணினி இரண்டு கிடைத்தாலும், கையில் கிடைத்ததை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் பலர் தெரிந்தெடுக்கும் நிலைக்கு வருவார்கள். அதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

அலவாங்கு ஐயா முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஐயா, உங்கள் தோட்டத்துக்கு வேறு பல கருவிகள் வந்து போயின. நீங்கள் இந்த அலவாங்கையே வைத்திருக்கிறீர்கள். ஏன் என்று கேட்டால் அதன் கூர், உயரம், உங்கள் தோளின் பழக்கம் என்று அரை மணி நேரம் சொல்வீர்கள் என்பதை நாம் அறிவோம். எமது ஆயுதம் எது என்று காலையில் கேட்டீர்கள். பெட்டிக்குள் இருப்பதுதான், ஐயா. ஆனால் அதை ஏன் எடுத்தோம் என்று உங்களைப் போல இன்னும் எமக்குச் சொல்லத் தெரியாது. அடுத்த வாணி விழாவுக்குள் படித்துக்கொண்டு வருகிறோம். அப்பொழுது மறுபடியும் கேளுங்கள்.